இடப்பக்கம் நிற்காதீர்கள்

மனுரேவா, ஓக்லண்ட்
10.02.1985

அன்புள்ள மலர் அக்காவுக்கு,

இங்கே நானும் அண்ணாவும் சுகம். அண்ணாவின் முதுகுவலி மட்டும் எங்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது. உங்களுக்கு இருமல் என்று எழுதியிருந்தீர்களே, விட்டுவிட்டதா? அத்தான் எப்படி இருக்கிறார்?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பாபடோயிட்டோய் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பயண ஏஜென்சி. முதலாளி ராமச்சந்திரா பிஜியில் பிறந்தவர். தமிழ் பேசுவார். நேர்முகத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

"என்ன படிச்சே?"

"பி.ஏ. புவியியல்."

"மேப் பார்க்கத் தெரியுமா?"

"தெரியும்."

"கஸ்டமர்கிட்ட பேசத் தெரியுமா?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, மேப் போதும்" என்றார்.

இங்கிருந்து லண்டனுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் எங்கள் ஆட்களுக்குத் தமிழில் ஓர் ஆலோசனைத் தாள் எழுதும் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரிக்கு லண்டனைப் பற்றித் தெரிந்தது அதன் அட்சரேகையும் மழையளவும்தான். நீங்கள் மூன்று வருடமாக அங்கே வாழ்கிறீர்கள். என்ன உடுப்பது, எதில் ஏறுவது, எங்கே அரிசி வாங்குவது, எல்லாம் எழுதுங்கள்.

வழக்கம்போல் அடியில் அண்ணாவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அன்புத் தங்கை,
ரதிதேவி

மலர், சுகமா? இவள் வேலைக்குப் போவதால் எனக்குச் சோறு பிந்துகிறது. மச்சானைக் கேட்டதாகச் சொல். – மகேசன்


அல்பேட்டன், லண்டன்
09.03.1985

அன்புள்ள ரதிக்கு,

இருமல் போய்விட்டது. அத்தானும் சுகம். உனக்கு வேலை கிடைத்த செய்தியை வாசித்துச் சமையலறையில் தனியே நின்று சிரித்தேன். மேப் போதுமாம்!

நீ கேட்டவை: ஒரு பெரிய கோட்டை நம்பி வராதீர்கள். மெல்லிய உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால்தான் வீட்டுக்குள் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஞாயிற்றுக்கிழமை கடை இராது. ஈலிங் ரோட்டில் வெண்டைக்காய், முருங்கைக்காய், சம்பா அரிசி எல்லாம் உண்டு, ஆனால் காயை நகத்தால் கீறிப் பார்த்தால் குஜராத்திக் கடைக்காரர் முறைப்பார். வரிசையில் நில்லுங்கள். ஓர் ஆள் தனியே நின்றாலும் அது வரிசைதான், அவருக்குப் பின்னால் போய் நின்றுவிடுங்கள். தூறலுக்குக் குடை விரிக்காதீர்கள், காற்று அதைப் பிடுங்கி உங்களை ஊர் பார்க்க வைக்கும்.

இன்னும் ஞாபகம் வந்தால் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. பட்டதாரிகளுக்கும் பசிக்கும்.

அன்பு அக்கா,
வசந்தமலர்

லண்டன் விபரங்களை என்னிடமே கேட்டிருக்கலாம். இவளுக்கு என்ன தெரியும். – சோதிலிங்கம்


மனுரேவா
14.04.1985

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இங்கே குளிர் தொடங்குகிறது, அங்கே பூக்கத் தொடங்கியிருக்கும்.

வரிசையைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்து முதலாளி மேசையில் தட்டிச் சிரித்தார். முதல் தாளைக் கையால் எழுதி நகல் எடுத்துவிட்டோம். பிளாக்ஹவுஸ் பேயில் இருந்துகூட வந்து வாங்கிப் போகிறார்கள்.

என் மேசைக்கு மேலே பெரிய லண்டன் மேப் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். நீங்கள் எழுதும் இடத்துக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்பது என் வழக்கம். போன வருடக் கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாப் புள்ளியும் ஒரே தெருவில் விழுகிறது அக்கா. ஆறு இருக்கிறது, பாலங்கள் இருக்கின்றன, நிலக்கீழ் ரயில் இந்த மேப்பில் நரம்புமாதிரி ஓடுகிறது. அதில் எப்படி ஏறுவது, எங்கே மாறுவது என்று எழுதுங்களேன். வாற மாதம் மோகினி மாமி என்று ஒருவர் மகளிடம் போகிறார். ராமச்சந்திராவின் உறவுக்காரர். அவர் போவதற்குள் எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ரதி

இந்த வீட்டுச் சுவரிலும் மேப் ஒட்டிவிட்டாள். – மகேசன்


அல்பேட்டன்
12.05.1985

அன்புள்ள ரதிக்கு,

சுகம். பதில் பிந்தியதற்குக் குறை நினைக்காதே. சிறு காய்ச்சல்.

ரயிலில் ஏறுவது ஒன்றும் கஷ்டமில்லை. போர்டைப் பார்த்து ஏறவேண்டும். நிலத்துக்கு அடியில் போவதற்கு ஓடும் படிகள் இருக்கும். நாங்கள் தெருவில் இடப்பக்கம் போவதுபோல அதிலும் இடப்பக்கமாக ஒதுங்கி நின்றால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. பெண்கள் தனியே போகத் தேவை வராது, கூட்டிப்போக ஆள் இருக்கும். பாஸ்போர்ட்டைப் பெண்கள் கையில் வைத்திருக்கக் கூடாது, வீட்டு ஆண் பூட்டி வைக்கவேண்டும். இது அத்தான் எழுதச் சொன்னது.

வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

வசந்தமலர்

கடைசிக் குறிப்பைத் தாளில் கட்டாயம் சேர்க்கவும். – சோதிலிங்கம்


மனுரேவா
18.08.1985

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் சுகமா? மூன்று மாதமாகக் கடிதம் இல்லை.

மோகினி மாமி திரும்பி வந்துவிட்டார். ஏஜென்சிக்குள் நுழைந்ததுமே, "எங்க அந்த பூனைக்குட்டி?" என்று, வாயே திறக்காத என்னைத்தான் தேடினார்.

"ஏண்டி பொண்ணு, உன் காகிதத்த நம்பி படியில இடது பக்கம் தூண் மாதிரி நின்னேன். பின்னால ஒவ்வொருத்தனா எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீங்கறான். ஆகா, என்ன மரியாதையான ஊருன்னு நானும் திரும்பித் திரும்பிச் சிரிக்கறேன். கடைசியில ஒரு பொம்பள என் தோளைப் பிடிச்சு வலது பக்கம் நகர்த்தி வச்சுட்டுப் போறா, மேசையை நகர்த்துற மாதிரி! நிக்கறவங்க வலது பக்கமாம். இடது பக்கம் அவசரமா ஏறிப் போறவங்களுக்காம். அந்த ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுது. உனக்கு யார் சொன்னா?"

நான்தான் பிழையாக எழுதினேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அன்று முழுக்க மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் இடப்பக்கம், ஆகவே படியிலும் இடப்பக்கம். அறைக்குள் இருந்து யோசித்தால் நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன். மூன்று வருடம் லண்டனில் இருக்கும் ஒருவர் யோசித்து எழுதவேண்டிய விஷயமா இது? நீங்கள் அந்தப் படியில் ஒருநாளாவது ஏறியிருக்கிறீர்களா அக்கா? வீட்டை விட்டுத் தனியே வெளியே போவதுண்டா?

அத்தான் இதை வாசிப்பார் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ரதி

(இந்தக் கடிதத்தில் அண்ணாவுக்கு இடம் விடவில்லை.)


அல்பேட்டன்
04.09.1985

மதிப்புக்குரிய மச்சான் மகேசனுக்கு,

சுகம், சுகமறிய ஆவல்.

உமது தங்கை ரதிதேவி என் மனைவிக்கு எழுதியிருப்பதை நீர் வாசித்தீரோ தெரியாது. வசந்தமலருக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. தேவையானதை நான் வாங்கி வருகிறேன், சனிக்கிழமைகளில் கடைக்குக் கூட்டிப் போகிறேன். அவள் வெளியே போய் என்ன செய்வது? நாலு எழுத்துப் படித்துவிட்டால் பிறர் குடும்பத்தைக் கேள்வி கேட்கலாம் என்று உங்கள் வீட்டில் பழக்கியிருந்தால் அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இனிக் கடிதங்கள் என் பெயருக்கே வரட்டும்.

இப்படிக்கு,
க. சோதிலிங்கம்


பாபடோயிட்டோய், ஓக்லண்ட்
30.09.1985

பெருமதிப்புக்குரிய திரு. க. சோதிலிங்கம் அவர்களுக்கு,

தாங்கள் நலமே இருக்க வேண்டுகிறோம்.

எமது லண்டன் ஆலோசனைத் தாளுக்கு எம்மவர்களிடையே நல்ல வரவேற்பு உண்டு. இதுவரை வந்த தாளில் சில பிழைகள் இருந்ததால் அடுத்ததை, லண்டனில் நீண்டகாலம் வாழும் அனுபவசாலியான தங்களின் பெயரில், 'லண்டன் ஆலோசகர் திரு. க. சோதிலிங்கம்' என்று தலைப்பிட்டு வெளியிட விரும்புகிறோம். தங்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பதை அறிவோம். ஆகவே தங்கள் சார்பில் தங்கள் துணைவியார் ரயில் வழிகளில் பகல் வேளையில் சென்று பார்த்து விபரங்களைக் குறித்துத் தந்தால் போதுமானது. பெண் பயணிகளே எமக்கு அதிகம் என்பதால் அவர் தனியே சென்று பார்ப்பதே பொருத்தம்.

தங்கள் சம்மதத்தை எதிர்பார்த்து,
ராமச்சந்திரா
(எழுதியவர்: ரதிதேவி)


ஈலிங் ரோட், லண்டன்
27.10.1985

என் ரதிக்கு,

நான் சுகம். அடியில் அத்தானின் வரி இல்லாததைப் பார்த்திருப்பாய். இதைப் புஷ்பவதி அக்காவின் பேப்பர்க் கடையில், மிட்டாய்ப் போத்தல்களுக்குப் பின்னால் இருந்து எழுதுகிறேன். இனி எனக்கென்று எழுதுவதை இந்தக் கடை விலாசத்துக்கு அனுப்பு. அவர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான், கைதடிக்காரர். "என்ர கடைக்கு வாற காயிதத்தை உன்ர மனுசன் எப்பிடித் திறக்கிறார் எண்டு பாப்பம்" என்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. ஒருநாளும் ஏறவில்லை. எங்கள் வாசல் கதவு இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும், திறப்பு அவரிடம். வெளியே போனால் அவர் வேலையால் வரும்வரை தெருவில் நிற்க வேண்டும். ஒருநாள் மழையில் நின்றேன். உனக்கு எழுதிய அந்தக் காய்ச்சல் அதுதான்.

உன் முதலாளியின் கடிதம் வந்த அன்று அத்தான் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். 'லண்டன் ஆலோசகர்' என்ற இடத்தை மறுபடியும் வாசித்தார். அடுத்த கிழமை எனக்கு ஒரு திறப்பு வெட்டித் தந்தார். "ஆலோசகர் வேலைக்கு மட்டும்" என்றார்.

அல்பேட்டனில் ஏறினால் பிக்கடில்லிக்கு மாறாமல் போகலாம். முதல் நாள் ஓடும் படிக்கு முன்னால் நின்று காலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். பின்னால் வந்த ஒரு கிழவர், "அது கடிக்காது" என்றார். வைத்தேன். கடிக்கவில்லை. மேலே வந்து மழை வெளிச்சத்தில் பிக்கடில்லிச் சந்தியைப் பார்த்து, ஒரு பயணியைப்போல வாயைத் திறந்துகொண்டு நின்றேன். அதன்பிறகு அடிக்கடி போகிறேன். உன் மேப்பில் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வை.

பாஸ்போர்ட் இன்னும் அவரின் சூட்கேசுக்குள்தான். தான் இல்லாவிட்டால் என்னை நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்கிறார்.

அக்கா


மனுரேவா
24.11.1985

அக்கா,

உங்கள் கடிதத்தை ரயிலில் வாசித்தேன். மனுரேவாவில் இறங்க மறந்து அடுத்த ஸ்டேசனில் இறங்கி நடந்து வந்தேன். நான் சுகம்தான், கோபம் மட்டும் குறையவில்லை.

அண்ணாவிடம் காட்டினேன். "புருசன் பெண்சாதி விசயத்துக்குள்ள நாங்கள் போகக்கூடாது, ரதி" என்றார்.

"அவ எங்கட அக்கா."

"ஊரில தெரிஞ்சால் அப்பாவிட்ட என்ன கதைப்பினம்?"

"வெளியில நிண்டு நனைஞ்சது அவ. வெக்கப்படவேண்டியது ஆர் அண்ணா?"

அண்ணாவோடு நான் இவ்வளவு சத்தமாகக் கதைத்ததே இல்லை. பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது. அவர் சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டார். நான் இருந்து முழுக்கச் சாப்பிட்டேன்.

புதிய தாள் தயார். நீங்கள் நடந்து பார்த்து எழுதி, அத்தான் அனுப்பிவைத்த குறிப்புகள் எல்லாம் அப்படியே வந்திருக்கின்றன. தலைப்பில் அத்தானின் பெயர் பெரிய எழுத்தில். பாஸ்போர்ட்டைப் பற்றிய குறிப்பை மட்டும் நான் மாற்றினேன். முதலாளியிடம் காட்டினேன். "ஒருத்தர் பேர்ல போடறோம். அவர் இப்படியா சொன்னார்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப இனிமே சொல்லட்டும்" என்றார்.

ஒரு கட்டு அத்தானுக்கு நேரே அனுப்பியிருக்கிறோம். அவர் தன் பெயரைத் தாண்டி வாசிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நீங்கள் வாசியுங்கள்.

ரதி


ஈலிங் ரோட்
05.01.1986

என் ரதிக்கு,

உனக்கும் அண்ணாவுக்கும் புது வருட வாழ்த்து. நான் சுகம்.

நீ நினைத்தது சரி. அவர் தலைப்பை மட்டும்தான் வாசித்தார். வருடப் பிறப்புக்கு அவரின் வேலையிடத்து நண்பர்கள் குலசிங்கம், விநாயகமூர்த்தி இருவரும் குடும்பத்தோடு வந்தார்கள். வடை பொரித்து முடிவதற்குள் எல்லோர் கையிலும் ஒவ்வொரு தாள். "நியூசிலாந்தில எல்லாரும் இதை வச்சுத்தான் லண்டன் வருகினம்" என்கிறார்.

குலசிங்கத்தின் மனைவி சத்தமாக வாசித்தா. "ஒவ்வொருவரும் தங்கள் பாஸ்போர்ட்டைத் தாங்களே வைத்திருக்க வேண்டும். பெண்களும் அப்படியே. கணவரிடமோ பிள்ளைகளிடமோ கொடுத்து வைக்காதீர்கள்." வாசித்துவிட்டு, "அட, சோதி அண்ணை! நல்லாச் சொல்லியிருக்கிறியள். இவருக்கும் கொஞ்சம் சொல்லுங்கோ" என்றா.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தாளை வாங்கி அந்த இடத்தைப் பார்த்தார். முகம் மாறியது. ஆனால் விநாயகமூர்த்தி முதுகில் தட்டி, "முன்னேற்றமான ஆளப்பா நீர்" என்கிறார்.

நான் வடைத் தட்டை மேசையில் வைத்துவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன். எண்ணெய்க் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தேன்.

"என்ரையும் தாங்கோ" என்றேன்.

"பிறகு பாப்பம்."

"உங்கட பேர்ல அச்சடிச்சிருக்கு. ஆலோசகர் வீட்டிலேயே இல்லையெண்டால் ஆக்கள் என்ன நினைப்பினம்? சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழதானே, நான் எடுத்துக்கொண்டு வாறன். திறப்பைத் தாங்கோ."

குலசிங்கத்தின் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. அவவுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். "குடுங்கோவன் அண்ணை" என்றா, இந்தமுறை சிரிக்காமல்.

அவரே எழும்பிப் போய் எடுத்து வந்தார். நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். அவர்கள் வெளிக்கிட்டபோது நானும் கூடவே படியிறங்கினேன். இப்போது புஷ்பவதி அக்காவின் கடைக்கு மேலே இருக்கிறேன்.

அக்கா


மனுரேவா
19.01.1986

அக்கா, அக்கா,

உங்கள் கடிதத்தை அண்ணா எனக்கு முன்பே உடைத்து வாசித்துவிட்டார். அதற்காகச் சண்டை பிடிக்கப் போனேன். மேசையில் இரண்டு பேருக்கும் சோறு போட்டு வைத்துக்கொண்டு இருந்தார். கண் சிவந்திருந்தது. "அவளை வரச்சொல்லு. என்ர அறையைக் குடுப்பம்" என்றார்.

முதலாளி பெப்ரவரி நடுப்பகுதியில் ஓர் ஆசனம் பிடித்து வைத்திருக்கிறார். அல்பேட்டனில் நகரத்துப் பக்கம் போகும் ரயிலில் ஏறி, அக்டன் டவுனில் இறங்குங்கள். அங்கே ஹீத்ரோ என்று போர்டு போட்ட ரயிலுக்கு மாறுங்கள். கதவடியில் நிற்காமல் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்து இருங்கள். யாராவது பின்னால் வந்து கூப்பிட்டால் திரும்பாதீர்கள். லண்டனை ஒருநாளும் பார்க்காதவள் உங்களுக்கு வழி சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

நான் விமான நிலையத்தில் நிற்பேன். வேலைக்கு விடுப்புச் சொல்லியாகிவிட்டது. சுகமாக வந்து சேருங்கள்.

ரதி

மலர், வா. உனக்குப் பிடித்த கத்தரிக்காய் இங்கேயும் கிடைக்கும். – மகேசன்


ஈலிங் ரோட்
23.02.1986

என் ரதிக்கும் அண்ணாவுக்கும்,

நான் அடித்த தந்தி கிடைத்ததால் நீங்கள் வீணாகப் போய்க் காத்திருக்கவில்லை என்று நம்புகிறேன். எனக்குச் சுகம். இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

நான் விமான நிலையத்துக்குப் போனேன். நீ எழுதிய வழியில் ஒரு பிழையும் இல்லை. வரிசையில் நிற்கப் போனபோது, இறங்கி வரும் பக்கத்தில் எங்கள் ஆட்கள் போல ஒரு தாயும் மகளும் தள்ளுவண்டியோடு நின்றார்கள். கூட்டிப்போக வரவேண்டிய மகன் வரவில்லை. தாய் அழுதுகொண்டிருந்தா. அவர்கள் போகவேண்டிய இடம் ஹவுன்ஸ்லோ. "இதே ரயில்தான், அம்மா. மாறத் தேவையில்லை" என்றேன். "நீங்கள் இங்கத்த ஆளோ?" என்று கேட்டா.

"ஓம்" என்றேன்.

சொன்னபிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. நூலகத்தில் கிழமைக்கு ஒருநாள் இலவசமாகச் சட்டம் சொல்லும் ஒரு பெண் இருக்கிறா. போன மாதமே என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, என்னை யாரும் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டா. அன்று அதை முழுதாக நம்பவில்லை. அந்த அம்மாவுக்கு வழி சொல்லும்போது நம்பினேன். வெளியே போகவிடாமல் ஒருவர் என்னை அடைத்து வைத்தார் என்பதற்காக நான் ஏன் இந்த ஊரையே அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போகவேண்டும்? அவர்களோடு ரயில் ஏறி, ஹவுன்ஸ்லோவில் இறக்கிவிட்டுத் திரும்பினேன்.

அண்ணா, உங்கள் அறையை நீங்களே வைத்திருங்கள். கேட்டதே போதும்.

கடையில் காலை வேலை எனக்கு. முந்தி அத்தான் தினமும் பேப்பர் வாங்கியது இங்கேதான். முதல் நாள் கதவைத் திறந்தார், மேசைக்குப் பின்னால் என்னைக் கண்டார், "குட் மோர்னிங், என்ன வேணும்?" என்று கேட்டேன். திரும்பிவிட்டார். இப்போது தூரத்துக் கடைக்கு நடக்கிறார். நடக்கட்டும்.

அந்த ஆசனத்தில் ஒருநாள் நீ வா, ரதி. வழி எழுதிக்கொண்டு வரத் தேவையில்லை, நான் வந்து நிற்பேன்.

அடுத்த தாளுக்கு என் பெயரைப் போடு. முதலில் நான் பிழைவிட்ட ஓடும் படிக் குறிப்பை இந்தமுறை நானே சரியாகச் சொல்கிறேன்: நிற்க விரும்புகிறவர்கள் வலப்பக்கம் நில்லுங்கள். இடப்பக்கம் ஏறிப் போகிறவர்களுக்கு.

திரும்பி வந்த அன்று நேரே கடைக்கு வராமல் பிக்கடில்லிக்குப் போனேன். பெட்டியையும் தூக்கிக்கொண்டு இடப்பக்கமாக ஏறினேன். நடுவில் ஒரு பெரிய மனிதர் மறித்துக்கொண்டு நின்றார்.

"எக்ஸ்கியூஸ் மீ" என்றேன்.

விலகினார்.

அக்கா,
வசந்தமலர்